மூணு நம்பரா, ஓணம் பம்பரா? கணக்குப் போட்டுப் பார்த்தால்

கேள்வி: ஐயா, எனக்கு வலங்கைமான் பக்கம். ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூணு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி பண்றேன். சம்பா நெல்லை டிபிசியில (நேரடி நெல் கொள்முதல் நிலையம்) போட்டு, பணம் அக்கவுண்டுல ஏறிடுச்சு. ஒன்றரை வருசமா மூணு நம்பர் சீட்டு எடுக்குறேன். ஒரு சீட்டு 60 ரூபாய். கேரளா முதல் பரிசு நம்பர்ல கடைசி மூணும் வந்தா 25,000, கடைசி ரெண்டு வந்தா 1,000, கடைசி ஒண்ணு மட்டும்னா 100. விழுந்தா ஏஜெண்ட் நூத்துக்குப் பத்து எடுத்துக்குவாரு. தினம் ரெண்டு சீட்டு, மாசத்துல 25 நாள் எடுப்பேன். போன வருசம் ஒரு தடவ 25,000 விழுந்துச்சு, அதனால நட்டம் இல்லன்னுதான் நினைக்கிறேன். மச்சினன் பாலக்காட்டுல கொத்து வேலை பாக்குறான். "அது கள்ளச்சீட்டு மாமா, கவர்மெண்டு சீட்டே எடுத்துத் தாரேன், வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்புறேன்"ங்குறான். ஓணத்துக்குக் கேரளா கவர்மெண்டு விடுற பெரிய சீட்டு, ஓணம் பம்பர், அதுக்குப் பத்துப் பேரு கூட்டுச் சேரலாம்னும் பேச்சு. எதுல போட்டா லாபம்? வீட்டுல நகைக் கடன் இருக்கு. சீட்டு எடுக்குறது அவங்களுக்குத் தெரியாது.

பதில்: மூன்றிலுமே லாபம் கிடையாது. ஆனால் மூன்றிலும் போகிற பணம் ஒரே அளவு இல்லை. நீங்கள் எண்களை ஒளிக்காமல் எழுதியிருப்பதால் சரியாகவே கணக்குப் போட முடிகிறது. "நட்டம் இல்லை" என்ற நினைப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நாளைக்கு 120 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 600 சீட்டு, 36,000 ரூபாய். மூன்று இலக்கமும் பொருந்த ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. கடைசி இரண்டு மட்டும் பொருந்த ஆயிரத்தில் ஒன்பது. கடைசி ஒன்று மட்டும் பொருந்த ஆயிரத்தில் தொண்ணூறு. சின்னப் பரிசுகளை மட்டும் எடுத்தால், சராசரியாக ஒரு சீட்டுக்கு இரண்டு இலக்கத்தில் 9 ரூபாய், ஓர் இலக்கத்தில் 9 ரூபாய், மொத்தம் 18 ரூபாய் திரும்பி வரும். 600 சீட்டுக்கு 10,800. பெரிய பரிசு ஒருமுறை விழுந்த ஆண்டில் அதோடு 25,000 சேரும், ஆக 35,800. ஏஜெண்டின் பத்து சதவீதம் போக உங்கள் கைக்கு வருவது 32,220. போட்டது 36,000. அதாவது 25,000 விழுந்த அந்த நல்ல வருடத்திலேயே கிட்டத்தட்ட 3,800 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கிறது. 25,000 ஒரே நாளில் ஒரே கட்டாக வந்ததால் மனதில் நிற்கிறது. 60, 60-ஆகப் போனது நிற்கவில்லை.

விழாத வருடம் எப்படி இருக்கும்? திரும்பி வருவது 9,720, நட்டம் 26,280. 600 சீட்டு எடுத்தும் மூன்று இலக்கம் ஒருமுறைகூடப் பொருந்தாமல் போக நூற்றுக்கு 55 வாய்ப்பு. சரியாக ஒருமுறை பொருந்த 33. இரண்டு அல்லது அதற்கு மேல் பொருந்த 12. உங்களைப்போல் எடுக்கிற நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் 55 பேர் ஆளுக்குச் சுமார் 26,000 இழப்பார்கள், 33 பேர் நாலாயிரம் போலக் கையைக் கடித்துக்கொள்வார்கள், 12 பேர் லாபம் பார்ப்பார்கள். டீக்கடையில் பேசுவது அந்த 12 பேர்தான். மற்ற 88 பேர் வாயைத் திறப்பதில்லை. நீங்களே வீட்டில் சொல்லவில்லையே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாளில் போட்ட கணக்குப்படி அந்தக் கள்ளச்சீட்டு கேரள அரசுச் சீட்டைவிட அதிகம் திருப்பித் தருகிறது. கமிஷன் போக 60 ரூபாய்க்கு 38 ரூபாய் 70 காசு, அதாவது நூற்றுக்கு 64. அரசுச் சீட்டில் 44-தான் தேறும், அதைக் கீழே பார்க்கலாம். அப்படியானால் கள்ளச்சீட்டே மேல் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த 64 ஏஜெண்டின் வாய்ச்சொல். கையில் இருப்பது நம்பர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. ஊரே ஒரு நம்பரின் மேல் கட்டி அது விழுந்துவிட்டால், ஏஜெண்ட் அன்று மாலையே போனை அணைத்துவிட்டுப் போகலாம். எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது, எந்த ஸ்டேஷனிலும் புகார் எழுதித் தர முடியாது. புகார் கொடுப்பவர்மேலேயே வழக்கு வரலாம்.

சட்டம் இதுதான். 1968-இல் அண்ணா ஆட்சியில் தொடங்கிய பரிசுச்சீட்டு, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று விளம்பரமான காலம் ஒன்று இருந்தது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. 1998-ஆம் ஆண்டு மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், தடை செய்த மாநிலத்தில் வெளி மாநிலச் சீட்டை விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஓர் இலக்கத்துக்குப் பரிசு தருவதை அந்தச் சட்டம் அரசு லாட்டரிகளுக்கே அனுமதிக்கவில்லை. உங்கள் 100 ரூபாய்ப் பரிசு அந்த வகைதான்.

மச்சினன் சொல்லும் கேரள அரசுச் சீட்டுக்கு வருவோம். இப்போது தினசரிச் சீட்டு 50 ரூபாய், முதல் பரிசு ஒரு கோடி, குலுக்கல் மாலை மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில். எண்கள் 100000 முதல் 999999 வரை ஒன்பது லட்சம். அதையே 12 சீரிஸில், அதாவது எண்ணுக்கு முன்னால் வேறு வேறு எழுத்துக் குறி போட்டு, அச்சடிப்பதால் மொத்தம் ஒரு கோடியே எட்டு லட்சம் சீட்டு. பரிசு விவரம் சீட்டின் பின்பக்கத்திலேயே இருக்கும். ஒரு சீட்டின் மதிப்பை நீங்களே கணக்கிடலாம்.

பெரிய பரிசுகளுக்கு, பரிசுத் தொகையை மொத்தச் சீட்டின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். சின்னப் பரிசுகள் கடைசி நான்கு இலக்கத்துக்குத் தருபவை. அதில் ஒரு எண் குலுக்கினால் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. எனவே பரிசுத் தொகையை அந்தப் பரிசுக்கு எத்தனை எண் எடுக்கிறார்களோ அதனால் பெருக்கி, 10,000-ஆல் வகுக்க வேண்டும். பரிசு அமைப்பு சீட்டுக்குச் சீட்டு மாறும். இங்கே கேரளப் பாணியில் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன்: முதல் பரிசு ஒரு கோடி, இரண்டாவது 25 லட்சம், மூன்றாவது 10 லட்சம். பிறகு 5,000 ரூபாய்க்கு 20 எண், 2,000-க்கு 6, 1,000-க்கு 30, 500-க்கு 70, 200-க்கு 90, 100-க்கு 150.

ஒரு கோடியை ஒரு கோடியே எட்டு லட்சத்தால் வகுத்தால் 93 காசு. நீங்கள் 50 ரூபாய் கொடுத்து வாங்குகிற கனவின் விலை ஒரு ரூபாய்கூட இல்லை. இரண்டாவது, மூன்றாவது பரிசுகள் சேர்ந்து இன்னும் 32 காசு. 5,000 ரூபாய்ப் பரிசில்தான் 10 ரூபாய் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் சேர்ந்து 11 ரூபாய். மொத்தம் 22 ரூபாய் சொச்சம். மீதி 28 எங்கே போகிறது என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 50 ரூபாய்ச் சீட்டுக்குள் வரி மட்டுமே 14 ரூபாய் 29 காசு. மிச்சம் ஏஜெண்ட் கமிஷன், அச்சு, கேரள அரசின் பங்கு.

இந்த மாதிரியில் குலுக்கும் நான்கு இலக்க எண்கள் 366. ஆக நூறு சீட்டில் 96-க்கு ஒன்றும் விழாது. விழுகிற மூன்று, நான்கிலும் பெரும்பாலானவை 100, 200. இப்போது எடுக்கிற அளவுக்கே, ஆண்டுக்கு 600 சீட்டு எடுத்தால் செலவு 30,000, திரும்புவது சராசரியாக 13,000 சொச்சம். அந்தச் சராசரியிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவு 5,000 ரூபாய்ப் பரிசிலிருந்து வருவது. அந்த 5,000 ஆண்டு முழுக்க ஒருமுறைகூட விழாமல் போக நூற்றுக்கு 30 வாய்ப்பு உண்டு. முதல் பரிசு விழ 18,000-இல் ஒன்று. மூணு நம்பரை விட்டு இதற்கு மாறினால் போலீஸ் பயம் போகும், ஏமாற்று போகும், ஆனால் பணம் இன்னும் வேகமாகப் போகும்.

"செட்டு" எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மச்சினன் அடுத்து அதைத்தான் சொல்வார். ஒரே எண்ணை 12 சீரிஸிலும் சேர்த்து வாங்குவது செட்டு. சின்னப் பரிசு விழுந்தால் 12 சீட்டுக்கும் விழும், விழாவிட்டால் 600 ரூபாயும் ஒரே அடியாகப் போகும். வெவ்வேறு எண்ணில் 12 சீட்டு எடுத்தால் ஏதாவது ஒன்றாவது விழ நூற்றுக்கு 36 வாய்ப்பு, செட்டில் 4-க்கும் கீழே. சராசரி இரண்டிலும் ஒன்றே. யூடியூபில் வரும் கெஸ்ஸிங் நம்பர், கனவில் வந்த நம்பர், "எட்டு வந்து ரொம்ப நாளாச்சு" என்ற கணக்கு, இவை எதற்கும் குலுக்கலோடு தொடர்பு கிடையாது. நேற்று எந்த எண் வந்தது என்பது குலுக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது.

வாட்ஸ்அப் போட்டோ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கேரள அரசு லாட்டரி தாளில் மட்டுமே விற்கப்படுகிறது, ஆன்லைன் விற்பனை கிடையாது. சீட்டை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பரிசு. உங்கள் மச்சினன் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிட்டால், அல்லது தங்கியிருக்கும் அறையில் தொலைந்துவிட்டால், போட்டோவைக் காட்டிப் பணம் வாங்க முடியாது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் போட்டோ என்றால் அதே சீட்டை இருபது பேருக்கு விற்றிருப்பார். "உங்களுக்கு ஐந்து லட்சம் விழுந்திருக்கிறது, முதலில் ஜிஎஸ்டி கட்டுங்கள்" என்று போன் வந்தால் அது மோசடி. வரியைப் பரிசிலிருந்துதான் பிடிப்பார்கள், முன்பணமாக யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் போன பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வழியுண்டு.

இனி ஓணம் பம்பர். இதில் எனக்கு அவ்வளவு கடுமை இல்லை. சீட்டு 500 ரூபாய், அண்மை ஆண்டுகளில் முதல் பரிசு 25 கோடி. 75 லட்சம் சீட்டு விற்கிறது என்று வைத்தால், அந்த 25 கோடியில் உங்கள் சீட்டின் பங்கு 33 ரூபாய். ஆனால் 25 கோடி முழுதாக வராது. முதலில் ஏஜெண்ட் கமிஷன் பத்து சதவீதம் போய் 22.5 கோடி. அதில் 30 சதவீதம் வரி, அந்த வரியின்மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி 25 சதவீதம், பிறகு இரண்டும் சேர்ந்ததன்மேல் 4 சதவீத செஸ். கடைசியில் மிஞ்சுவது சுமார் 13.7 கோடி. அப்படிப் பார்த்தால் சீட்டின் பங்கு 18 ரூபாய். 500 ரூபாய்க்கு இது மோசமான விலைதான். ஆனால் இது வருடத்துக்கு ஒருமுறை வருவது. பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 50 ரூபாய். கூட்டுச் சேர்வதால் விழும் வாய்ப்பு கூடாது, இழக்கிற தொகைதான் குறையும். அந்த 50 ரூபாய்க்கு இரண்டு வாரம் பேசிச் சிரித்தால் சரி, அதைச் செலவு என்றே எழுதுங்கள். 500 ரூபாய்ப் பம்பரைவிட 60 ரூபாய்த் துண்டுச் சீட்டு உங்களுக்கு ஆபத்து. ஒரு சீட்டில் எவ்வளவு போகிறது என்பதைவிட, அது வருடத்துக்கு எத்தனை முறை வருகிறது என்பதுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது.

பம்பர் எடுப்பதென்றால் ஒழுங்காக எடுங்கள். மச்சினன் கேரளாவில், கடையில் நேரில் வாங்க வேண்டும். அச்சடித்த விலைக்கு மேல் தரக்கூடாது. காரைக்கால் எர்ணாகுளம் வண்டியில் கொண்டுவந்து இங்கே கூடுதல் விலைக்கு யாராவது நீட்டினால் தொடாதீர்கள், அது இங்கே நடக்கிற விற்பனை. 2023 ஓணம் பம்பர் முதல் பரிசு திருப்பூர்க்காரர்கள் நால்வருக்கு விழுந்தபோது, அந்தச் சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்றது என்று புகார் கிளம்பியது. கேரள எல்லையில் உள்ள வாளையாரில் வாங்கியது என்று அவர்கள் சொல்ல வேண்டி வந்தது. கடை பெயர், வாங்கிய தேதி இரண்டையும் குறித்து வையுங்கள்.

கூட்டுக்கு ஒரு தாள் போதும், ஆனால் குலுக்கலுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். சீட்டின் சீரிஸ், எண், பத்துப் பேர் பெயர், ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு, மூலச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு, சீட்டின் இரு பக்கமும் போட்டோ எடுத்து அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுங்கள். விழுந்தபின் எழுதும் தாளில் பத்தாவது ஆள் காணாமல் போவார், பதினொன்றாவது ஆள் முளைப்பார். பரிசு கோரும்போதே பத்துப் பேர் பெயரையும் பான் எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் பெயரில் வாங்கிப் பிறகு பிரித்தால் முழு வருமானமும் அவர் பான் எண்ணில்தான் நிற்கும். கோரிக்கைக்கு 30 நாள் கெடு. 5,000 வரை கேரளக் கடைகளிலேயே மாற்றலாம், அதற்கு மேல் லாட்டரி அலுவலகம் அல்லது வங்கி வழியாகப் போக வேண்டும். வெளி மாநிலத்தவர் என்றால் நோட்டரி சான்று கேட்பார்கள்.

வரியில் பலரும் மாட்டும் இடம் ஒன்று உண்டு. பரிசு 10,000-க்கு மேல் போனால் 30 சதவீதம் பிடித்துத்தான் தருவார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்து நிலம் வாங்கிவிடுவார்கள். ஒரு கோடிப் பரிசில் கமிஷன் போக 90 லட்சம் என்றால் 27 லட்சம் பிடிப்பார்கள், கைக்கு 63 லட்சம் வரும். ஆனால் வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் சர்சார்ஜ் 2.7 லட்சம், செஸ் சுமார் 1.19 லட்சம் நீங்களாகவே கட்ட வேண்டும். உண்மையில் உங்களுடையது 59 லட்சம். விவசாய வருமானத்துக்கு வரியில்லை என்பதோ, 12 லட்சம் வரை வரியில்லை என்பதோ லாட்டரிப் பணத்துக்குப் பொருந்தாது. தோற்ற சீட்டுகளின் விலையைக் கழிக்கவும் முடியாது.

இப்போது சம்பாப் பணம். சீட்டை இந்தச் சமயத்தில் விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெல்டாவில் பணம் மாதாமாதம் வருவதில்லை, டிபிசியில் போட்ட பிறகு மொத்தமாக வருகிறது. அக்கவுண்டில் ஒரு லட்சம் இருக்கும்போது 120 ரூபாய் தூசியாகத் தெரியும். அதே 120 ஆனியில், குறுவை நாற்றுக்கு நிற்கும்போது கனக்கும். எனவே ஏறிய பணத்தில் முதலில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டுங்கள். கெடுவுக்குள் கட்டினால் வட்டியில்லை, தவறினால் வட்டி ஏறும். குறுவைச் செலவைத் தனியே ஒதுக்குங்கள். அடுத்து நகைக் கடன். வட்டி 12 சதவீதம் என்று வைத்தால், சீட்டுக்குப் போகும் 36,000-ஐ அதில் கட்டினால் ஆண்டுக்கு 4,320 ரூபாய் மிச்சம். மகளிர் குழுக் கடன் 24 சதவீதத்தில் இருந்தால் அதில் கட்டுவது 8,640 மிச்சம். எந்த நம்பரும் விழத் தேவையில்லாத பணம் இது. கடனெல்லாம் தீர்ந்தபின் மாதம் 1,500 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் ஒரு லட்சத்து ஏழாயிரம்.

மூணு நம்பரை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். ஏஜெண்டின் எண்ணை போனிலிருந்து எடுங்கள், அவர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுங்கள், மூன்று மணிக்கு ரிசல்ட் பார்ப்பதை நிறுத்துங்கள். போன பணத்தைப் பிடிக்க இன்னும் ஒரு மாதம் என்று மனம் சொல்லும். அந்த ஒரு மாதத்துக்கு 50 சீட்டு, 3,000 ரூபாய், மூன்று இலக்கமும் விழ நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு.

வீட்டில் சொல்லிவிடுங்கள். எத்தனை சீட்டு, எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று தாளில் எழுதி, டிபிசிப் பணம் ஏறிய பாஸ்புக்கையும் சேர்த்து வைத்துப் பேசினால் சண்டை ஒரு நாளோடு முடியும். பயிர்க்கடன் கட்டிய ரசீதும் கூட இருந்தால் இன்னும் நல்லது. ஏஜெண்டிடம் கடன் பாக்கி ஏதும் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், அவர் வீடு தேடி வரும்போது தெரிவதைவிட அது மேல். இரண்டு, மூன்று முறை நிறுத்தியும் கை தானாகப் போகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் இதற்கு ஆலோசனை தருகிறார்கள். போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். எவ்வளவு நாளாக, எவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.